110–125 சிசி பைக்குகளுக்கு 4 மணி நேர எண்டியூரன்ஸ் ரேஸ்: விதிகளை எப்படி எழுதுவது?

நாலாவது கியர் – கேள்வி

வணக்கம். 110 முதல் 125 சிசி வரையிலான நாலு ஸ்ட்ரோக், ஏர்கூல்டு பைக்குகளுக்கு மட்டும் ஒரு 4 மணி நேர எண்டியூரன்ஸ் (நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கும்) ரேஸ் நடத்தப் போகிறோம். இடம் கார்ட் (சின்னப் பந்தய வண்டி) ட்ராக். நீளம் 1.1 கி.மீ., அகலம் பெரும்பாலும் 8 மீட்டர், 11 வளைவுகள். ஒரு பைக்குக்கு மூன்று அல்லது நான்கு ரைடர்கள். பெரும்பாலானோர் ட்ராக்கில் ஓட்டிப் பழகியவர்கள்தான், ஆனால் ரேஸ் அனுபவம் இல்லாதவர்கள். வேகமான பைக் ஒரு சுற்றை 60 நொடியில் முடிக்கும் என்று கணக்கு.

30 டீம்கள் பெயர் கொடுத்திருக்கின்றன. அத்தனை பேரையும் ஒரே ரேஸில் விடலாமா? பெட்ரோல் நிரப்புவது பிட்டிலேயே (ட்ராக் ஓரம் பைக்கை நிறுத்தி வேலை பார்க்கும் இடம்) நடக்கலாமா, தனி இடம் வேண்டுமா? பைக்குகளைப் பரிசோதிக்கும்போது எதைக் கண்டால் திருப்பி அனுப்ப வேண்டும்? லேப் (சுற்று) எண்ணுவதற்குக் கருவி கட்டாயமா? ட்ராக் அனுமதியும் காப்பீட்டு வேலையும் தனியாக நடக்கின்றன, அவற்றைப் பற்றி இங்கே கேட்கவில்லை.

கொடிமேடை – பதில்

30 வேண்டாம், 20 போதும். காரணம் எளிய வகுத்தல் கணக்கு. ஒரு சுற்றுக்கு 60 நொடி, ட்ராக்கில் 30 பைக் என்றால் எந்த இடத்தில் நின்றாலும் சராசரியாக 2 நொடிக்கு ஒரு பைக் கடக்கும். 20 என்றால் 3 நொடி. விழுந்த பைக்கைத் தூக்கி ஓரம் கட்ட ஒரு மார்ஷலுக்கு (ட்ராக் ஓரம் கொடியோடு நிற்கும் பாதுகாப்பு ஆள்) குறைந்தது 15 நொடி வேண்டும். மஞ்சள் கொடி ஆடும்போது ஒவ்வொருவரும் வேகத்தைக் குறைத்து, முந்தாமல் வந்தால் மட்டும்தான் அந்த 15 நொடி அவருக்குப் பாதுகாப்பாகக் கிடைக்கும். நெரிசல் கூடக்கூட மஞ்சள் கொடிக்கு மதிப்புக் குறையும். மீதி 10 டீம்களைக் காத்திருப்புப் பட்டியலில் வையுங்கள். முதல் முறையிலேயே அவர்களுக்காக இரண்டாவது ரேஸ் வைத்தால் மார்ஷல்கள் சோர்ந்துவிடுவார்கள்.

எண்ணிக்கையைவிட ஆபத்தானது வேக வித்தியாசம். பயிற்சி ஓட்டத்தில் மிக வேகமான சுற்று 60 நொடி என்றால், 72 நொடிக்குள் ஓட்ட முடியாத ரைடரை ரேஸில் விடாதீர்கள். இது 120 சதவீத விதி. இதைப் பைக்குக்கு வைத்தால் போதாது, ஒவ்வொரு ரைடருக்கும் தனித்தனியாக வைக்க வேண்டும். டீமில் ஒருவர் வேகமாக ஓட்டிக்காட்டிவிட்டு மெதுவான மூன்று பேர் ரேஸ் ஓட்டுவது இந்த ஓட்டையால்தான்.

அடுத்து பிட். விதிப்புத்தகத்தில் ஒரே ஒரு விதிக்குத்தான் இடம் என்றால் நான் எழுதுவது இதைத்தான்: கட்டாய பிட் நிறுத்தம் 4, ஒவ்வொன்றும் பிட் நுழைவுக் கோட்டிலிருந்து வெளியேறும் கோடு வரை குறைந்தது 5 நிமிடம். இந்த ஒரு வரி வந்துவிட்டால் பிட்டில் அவசரப்பட்டு யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. அமெச்சூர் எண்டியூரன்ஸில் மோசமான தீக்காயமும் காலில் பைக் ஏறுவதும் வளைவில் நடப்பதில்லை. சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கேனைக் கவிழ்க்கும் அந்த 40 நொடியில்தான் நடக்கின்றன. நேரத்தை நீங்களே கட்டிப்போட்டுவிட்டால் மெக்கானிக் நிதானமாக ஆயில் பார்ப்பார், செயின் பார்ப்பார், ரைடர் தண்ணீர் குடிப்பார். 5 நிமிடத்துக்கு ஒரு நொடி முன்னால் வெளியேறினாலும் ஒரு லேப் தண்டனை. நொடிக்கு இவ்வளவு என்று பேரம் பேசும் தண்டனை வைக்காதீர்கள்.

பெட்ரோல் கணக்கு: 125 சிசி இன்ஜின் முழு திராட்டிலில் சுமார் 10 குதிரைசக்தி தரும்போது மணிக்கு ஏறத்தாழ 3 லிட்டர் குடிக்கும். கார்ட் ட்ராக்கில் பாதி நேரம் பிரேக்கும் வளைவும்தான், ஆகவே மணிக்கு 1.5 முதல் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். டேங்க் 4 லிட்டரோ 6 லிட்டரோ, நான்கு கட்டாய நிறுத்தத்துக்குள் எல்லாருடைய தேவையும் அடங்கிவிடும். ஆகவே கட்டாய நிறுத்தத்தில் மட்டுமே பெட்ரோல் என்று எழுதிவிடலாம்.

நிரப்புமிடம் தனியாக இருக்கட்டும். பிட் பெட்டிகளிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, மேலே திறந்த வெளியாக. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போகும். ஜெனரேட்டரை அந்தப் பக்கம் வைப்பது பலரும் செய்கிற தவறு. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்தில் ஜெனரேட்டர் இருக்க வேண்டும். வரிசை இப்படி: இன்ஜின் ஆஃப், ரைடர் இறங்கி விலகுவார், பைக் ஸ்டாண்டில் ஏறும், முதல் 2 நிமிடம் டேங்க் மூடியை யாரும் தொடக்கூடாது. அதன் பிறகு ஊற்றுபவர் ஒருவர், 6 கிலோ பவுடர் தீயணைப்பானின் பின்னை எடுத்துக் கையில் பிடித்து நிற்பவர் ஒருவர். மூன்றாவது ஆள் அந்தக் கட்டத்துக்குள் இருக்கக்கூடாது. ஊற்றுபவருக்கு முழுக்கைப் பருத்திச் சட்டை, கையுறை, கண்ணாடி. டேங்குக்கும் சைலென்சர் பெண்டுக்கும் நடுவே நனைந்த தடித்த துணி. கேன் 5 லிட்டருக்கு மேல் வேண்டாம், 20 லிட்டர் கேனைத் தூக்கி ஊற்றுபவர் கை நடுங்கித்தான் சிந்துகிறது. பெட்ரோல் பங்கில் கேனை நிரப்பும்போது அது தரையில் இருக்க வேண்டும், வண்டியின் பிளாஸ்டிக் தளத்தில் வைத்து நிரப்பினால் நிலைமின்சாரம் சேரும்.

ஒருவர் தொடர்ந்து ஓட்டும் நேரம் அதிகபட்சம் 50 நிமிடம், திரும்ப ஏறுவதற்கு முன் குறைந்தது அதே அளவு ஓய்வு. வெயில் கடுமையாக இருந்தால் 40 ஆகக் குறையுங்கள். கட்டாய நிறுத்தம் நான்கு என்றால் ஓட்டம் ஐந்து துண்டு, சராசரி 44 நிமிடம். அதனால் 40 ஆகக் குறைக்கும் நாளில் கூடுதலாக ஒரு ரைடர் மாற்றம் வரும் என்பதைக் காலையிலேயே டீம்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

லாக்வயர் – பதில்

பைக் பரிசோதனையைப் பற்றி. டீம்களுக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் போய்ச் சேர வேண்டும். காலையில் வாசலில் வைத்துச் சொன்னால் டிரில் மெஷினைத் தேடி எல்லாரும் ஓடுவார்கள்.

முதலில் ஆயில். இந்த இன்ஜின்களில் மொத்தமே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் ஆயில். ட்ரெயின் போல்ட், ஃபில்லர் மூடி, ஆயில் ஃபில்டர் மூடியின் போல்ட்டுகள் மூன்றிலும் லாக் வயர் (போல்ட் கழலாமல் இழுத்துக் கட்டும் கம்பி) கட்டாயம். போல்ட் தலையில் 1.5 மி.மீ. துளை, 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி. கம்பி இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். போல்ட் கழலத் தொடங்கினால் கம்பி இறுக வேண்டும். பாதிப் பேர் தலைகீழாகக் கட்டிக்கொண்டு வருவார்கள், அது போல்ட்டைக் கழற்றத்தான் உதவும். முன் பிரேக் காலிபர் போல்ட்டுகளுக்கும் இதே விதி.

இன்ஜின் பிரீதர் குழாய் (உள்ளே சேரும் அழுத்தத்தை வெளியே விடுவது) ஏர்ஃபில்டர் பெட்டியிலிருந்து கழற்றி விடப்பட்டிருந்தால் அது 500 மி.லி. கேட்ச் பாட்டிலுக்குள் போக வேண்டும். பாட்டில் கிளாம்பில் இருக்க வேண்டும், டேப்பில் தொங்கக்கூடாது. பாட்டிலின் மேல் பக்கம் காற்றுக்கு ஒரு சின்னத் துளை இல்லாவிட்டால் இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறி ஆயில் சீல் பிதுங்கும். பிரீதர் வழியாக ஆயில் கக்குவதற்கு முக்கியக் காரணம், பாதுகாப்புக்கு என்று நினைத்து மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றுவது. மேல் கோடு வரை போதும், அதற்கு மேல் ஒரு சொட்டும் வேண்டாம். இன்ஜினுக்கு அடியில் அலுமினியத் தட்டு ஒன்று, மொத்த ஆயிலில் பாதியாவது கொள்ளும் அளவுக்கு, உள்ளே ஆயில் உறிஞ்சும் விரிப்போடு. கேஸ் உடைந்தால் ட்ராக்கில் 300 மீட்டர் நீளத்துக்குக் கோடு போடாமல் காப்பது அதுதான்.

செயின் லாக். இதைக் குனிந்து பாருங்கள், நின்றபடி தெரியாது. கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையில் இருக்க வேண்டும். செயினின் மேல் ஓட்டத்தில் வைத்துப் பார்த்தால் மூடிய பக்கம் முன்சக்கரத்தை நோக்கும், பிளவுபட்ட பக்கம் பின்னால் இருக்கும். மாறியிருந்தால் ஏதாவது உரசியதும் கிளிப் கழன்று பறக்கும், செயின் பின்சக்கரத்தைப் பூட்டிவிடும். கிளிப் மேல் ஒரு பொட்டு சிலிகான் சீலன்ட் வைக்கச் சொல்லுங்கள். அது கிளிப்பையும் பிடிக்கும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்த உடனே "இருக்கிறது" என்று தெரியவும் செய்யும். பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் செயினின் கீழ் ஓட்டத்துக்கும் நடுவே விரல் போகாதபடி கெட்டித் தகடு அல்லது நைலான் காவல் வேண்டும்.

சைட் ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்ட், கண்ணாடி, இண்டிகேட்டர், சேலை கார்டு, கிராஷ் பார் எல்லாம் கழற்றப்பட வேண்டும். ஹெட்லைட் கண்ணாடி இருந்தால் டேப். லீவர் முனையில் உருண்டை குறைந்தது 16 மி.மீ. விட்டத்தில் இருக்க வேண்டும், உடைந்த லீவர் கத்தி மாதிரி. ஹேண்டில்பாரின் இரு முனையும் அடைக்கப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று சோதனைகளைக் கையால் செய்யுங்கள், கண்ணால் பார்த்து விடாதீர்கள். ஒன்று, இன்ஜின் ஓடும்போது கில் சுவிட்சை அழுத்துங்கள், நிற்க வேண்டும். இரண்டு, ஹேண்டில்பாரை இடது கோடி, வலது கோடி திருப்பி வைத்துத் திராட்டிலைத் திறந்து விடுங்கள், தானாக டக்கென்று மூட வேண்டும். கேபிள் இழுபட்டு இன்ஜின் வேகம் ஏறினால் பைக் வெளியே. மூன்று, முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஸ்டியரிங் பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கையில் தெரியும்.

பாதிக்குக் கீழே தேய்ந்த பிரேக் பேடோடு தொடங்க விடாதீர்கள். பின்னால் டிரம் பிரேக் என்றால் அட்ஜஸ்டர் நட்டில் இன்னும் திருக இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

4 மணி நேரத்தில் கழல்வது எது என்று கேட்டால்: சைலென்சர் ஸ்டட் நட், சைலென்சர் பிராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் நட், நம்பர் பிளேட் போல்ட். அதிர்வுதான் காரணம். இறுக்கிய பிறகு நட்டிலிருந்து உடம்பு வரை பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிட்டால், பிட்டில் ஸ்பேனர் எடுக்காமலேயே கோடு பிரிந்திருப்பது தெரியும்.

இன்னொன்று, இது பரிசோதனையில் பிடிபடாது. நேர் ஓட்டத்தின் கடைசியில் இன்ஜின் விக்கி நின்று, கொஞ்சம் பொறுத்தால் தானே உயிர் பெறுகிறது என்று டீம் புலம்பினால் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் டேங்க் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

விழுந்த பைக் நேராகத் தன் பிட்டுக்குப் போகக்கூடாது. பரிசோதகரிடம் வந்து லீவர், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார் நேர்த்தி, கசிவு பார்த்த பிறகே திரும்பச் சேர வேண்டும். ரேஸ் முழுக்க இதற்கென்றே ஒருவர் பிட் நுழைவில் நிற்க வேண்டும்.

நாலாவது கியர்

மிக்க நன்றி. 20 டீம் என்று முடிவு செய்துவிட்டோம். இன்னும் மூன்று சந்தேகம். ரைடர்கள் ட்ராக்கைக் கடந்து ஓடிவந்து பைக்கில் ஏறும் லெமான்ஸ் ஸ்டார்ட் வைக்கலாம் என்று டீம்கள் ஆசைப்படுகின்றன. டிரான்ஸ்பாண்டர் (லேப் பதியப் பைக்கில் கட்டும் கருவி) கிடைக்காமல் போனால் கையால் எண்ண முடியுமா? ஒரே ஒரு ஆம்புலன்ஸ் போதுமா?

லேப்சார்ட் – பதில்

20 பைக் வரை கையால் எண்ணலாம். 3 நொடிக்கு ஒரு எண் வரும். ஒருவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார், அடுத்தவர் எழுதுவார், தலை நிமிரவே மாட்டார். 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று ஜோடி. தாளில் பைக்குக்கு ஒரு கட்டம் என்று வைக்காதீர்கள், தேடிக் குறிப்பதற்குள் நாலு பைக் போய்விடும். கோட்டைக் கடந்த வரிசையிலேயே எண்களை அடுத்தடுத்து எழுதிக்கொண்டே போக வேண்டும், முதலிடப் பைக் கடக்கும்போதெல்லாம் புது வரி. கூட்டுவதை மூன்றாவது ஆள் பக்கத்து மேசையில் செய்யலாம். கோட்டை நோக்கி ஒரு கேமரா, சட்டத்துக்குள் ஒரு கடிகாரம் தெரியும்படி, 4 மணி நேரமும் நிற்காமல் ஓடட்டும். பவர்பேங்க் அல்ல, மின் இணைப்பு.

எண்கள் உங்கள் கையில் இருக்கட்டும், டீம்களைத் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். 6, 9 இரண்டும் ஒரே ரேஸில் வேண்டாம், 1-ம் 7-ம் அப்படியே. இலக்கத்தின் உயரம் 12 செ.மீ., வெள்ளைப் பின்னணியில் கறுப்பு, நிழலும் சாய்வும் இல்லாத எழுத்து.

டிரான்ஸ்பாண்டர் கிடைத்தாலும் தாள் எண்ணிக்கையை விடாதீர்கள். தரையில் பதிக்கும் லூப் கம்பி பிட் பாதையையும் சேர்த்துக் கடக்க வேண்டும். இல்லாவிட்டால் பிட்டுக்குள் இறுதிக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு பைக்குக்கும் ஒரு லேப் காணாமல் போகும், நான்கு நிறுத்தத்தில் நான்கு லேப். கருவியை முன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியில், தரையிலிருந்து 60 செ.மீ.க்குள், கீழே உலோகம் எதுவும் மறைக்காதபடி கட்ட வேண்டும். சீட்டுக்கு அடியில் வைத்தால் சில சுற்றில் பதியும், சில சுற்றில் பதியாது. அதுதான் மோசமான நிலை, எந்த லேப் போனது என்று யாருக்கும் தெரியாது.

ஒவ்வொரு அரை மணிக்கும் நிலவரத்தை ஒட்டுங்கள். லேப் தகராறு என்றால் ஒட்டிய 30 நிமிடத்துக்குள் எழுத்தில் தர வேண்டும் என்று விதியில் இருக்கட்டும். முதல் மணி நேரத்துச் சண்டையை முடிவு அறிவிக்கும்போது கொண்டுவர விடக்கூடாது.

கொடிமேடை

லெமான்ஸ் ஸ்டார்ட் பற்றி. லெமான் 24 மணி நேரக் கார் ரேஸில் ஓடிவந்து ஏறும் முறை 1969-உடன் நின்றது. அந்த வருடம் ஜாக்கி இக்ஸ் ஓடாமல் நடந்தே போய், பெல்ட்டை முழுதாகப் பூட்டிக்கொண்டு, கடைசியாகக் கிளம்பி, ரேஸையும் வென்றார். பெல்ட் பிரச்சினை பைக்குக்குக் கிடையாது, அதனால்தான் ஜப்பானின் சுஸூகா 8 மணி நேர பைக் ரேஸ் மாதிரியானவை அதை இன்றும் வைத்திருக்கின்றன. ஆனால் அங்கே நேர் ஓட்டத்தின் அகலம் வேறு, உங்கள் 8 மீட்டர் வேறு. சாய்த்து நிறுத்திய பைக் நீளத்திலேயே ஒன்றரை மீட்டர் போய்விடும். மிச்சம் ஆறரை மீட்டரில், முன்னால் ஒருவர் இன்னும் கிக் உதைத்துக்கொண்டிருக்க, பின்வரிசைப் பைக் மூன்றாவது கியரில் வந்து அவர் மேல் மோதும். வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள்: ரைடர்கள் பைக் மேல், இன்ஜின் ஆஃப், கொடி விழுந்ததும் ஸ்டார்ட். பத்துப் பத்தாக இரண்டு அணி, நடுவில் 20 நொடி. இரண்டாவது அணிக்கு அந்த 20 நொடி இழப்புதான், ஆனால் 4 மணி நேரத்தில் அது பெரிய விஷயமில்லை.

ஆம்புலன்ஸ் ஒன்று மட்டும் என்றால், அது வாசலைத் தாண்டிய நிமிடமே சிவப்புக் கொடி. திரும்பி வரும் வரை ஓர் இன்ஜினும் ஓடக்கூடாது. ஆகவே இரண்டு. ட்ராக்கில் ஒரு மருத்துவர். ஹெல்மெட் தரையில் அடித்த ரைடர், தனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலும் அன்று மறுபடி ஏறக்கூடாது. விழுந்தவரின் ஹெல்மெட்டை மார்ஷல் கழற்றக்கூடாது, அது மருத்துவர் வேலை. பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு முன்னாலேயே தேதியும் நேரமும் சொல்லிவையுங்கள்.

11 வளைவுக்கு 7 மார்ஷல் நிலைகள் போதும், ஒவ்வொன்றிலிருந்தும் அடுத்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நிலைக்கு இருவர்: கொடி பிடிப்பவர் போக்குவரத்தைப் பார்ப்பார், மற்றவர் முதுகை அவருக்குக் கொடுத்துப் பைக்கைத் தூக்குவார். மாற்று ஆட்களோடு 18 பேர். ஒரு மணிக்கு ஒருமுறை நிலை மாற்றம், இல்லாவிட்டால் மூன்றாவது மணியில் கண் பார்க்கும், கை கொடியை எடுக்காது. நிலைக்கு ஒரு தீயணைப்பான், ஒரு வாளி ஆயில் உறிஞ்சும் தூள், கெட்டித் துடைப்பம், விசில், வாக்கிடாக்கி. தூளைப் போட்டு, தேய்த்து, கூட்டி, மறுபடி போட்டுக் கூட்ட வேண்டும். முதல் முறைத் தூளை அப்படியே விட்டால் அதுவும் வழுக்கும். வாக்கிடாக்கியில் எல்லாரும் ஒரே வரிசையில் பேசப் பழக்குங்கள்: நிலை எண், பைக் எண், ரைடர் நிற்கிறாரா கிடக்கிறாரா, பைக் ட்ராக்கிலா வெளியிலா, ஆயில் உண்டா. "நாலு, பதினேழு, நிற்கிறார், வெளியே, ஆயில் இல்லை." அவ்வளவுதான், மூன்று நொடி.

கார்ட் ட்ராக்கின் டயர் சுவர் கார்ட் வண்டிக்காகக் கட்டியது. பைக் ரைடர் அதில் உடம்போடு மோதுவார். நேர் ஓட்டம் முடியும் இடத்தில் கூம்புகள் வைத்து ஒரு சிக்கேன் (நெளிந்து போகும் பாதை) போட்டு வேகத்தைக் குறையுங்கள், வெளிப்பக்கச் சுவருக்கு முன்னால் காற்றடைத்த தடுப்பு அல்லது வைக்கோல் கட்டு. வடிகால் மூடி, துருத்திய கெர்ப் (ட்ராக் ஓர விளிம்பு) போல்ட் இவற்றைத் தேட முதல் நாள் மாலை முழு ட்ராக்கையும் நடந்து பாருங்கள், ஓட்டிப் பார்த்தால் தெரியாது.

நாலாவது கியர்

சிவப்புக் கொடிக்குப் பிறகு எண்ணிக்கை எப்படி? அந்த ஒரு விதி மட்டும் எழுத வரவில்லை.

கொடிமேடை

இப்படியே போட்டுக்கொள்ளலாம்:

"சிவப்புக் கொடி காட்டப்பட்டதும் எல்லாப் பைக்குகளும் முந்தாமல், மெதுவாக பிட் பாதைக்கு வந்து வரிசையாக நிற்கும். இன்ஜின் நிறுத்தப்படும். பழுது பார்ப்பதும் பெட்ரோல் நிரப்புவதும் ரைடர் மாறுவதும் கூடாது. முதலிடப் பைக் கடைசியாகக் கோட்டைக் கடந்த சுற்றின் நிலவரமே எடுத்துக்கொள்ளப்படும். ரேஸ் கடிகாரம் நிற்காது. மறுதொடக்கம் அந்த வரிசையிலேயே, ஒருவர் பின் ஒருவராக. நேரத்தில் முக்கால் பங்கு முடிந்த பின் சிவப்புக் கொடி வந்து 20 நிமிடத்தில் தொடங்க முடியாவிட்டால் ரேஸ் முடிந்ததாகக் கொள்ளப்படும்."

கடிகாரம் நிற்காது என்பதை நீக்கிவிடாதீர்கள். நிறுத்தினால் மாலை வெளிச்சம் போய்விடும், மார்ஷல்களை ஒப்புக்கொண்ட நேரத்துக்கு மேல் நிறுத்திவைக்க வேண்டிவரும். சிவப்புக் கொடியின்போது பிட்டில் கட்டாய நிறுத்தத்தில் இருந்த பைக்குக்கு அந்த நிறுத்தத்தின் 5 நிமிடம் கொடி வந்த நொடியில் நின்று, மறுதொடக்கத்தில் தொடரும். இதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள், முதல் சண்டை அதில்தான் வரும்.